ஒரே அடுப்பு

அத்தியாயம் 9

சாவி ஒன்று. குடும்பம் இரண்டு.

பொம்மிடி போகிற டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து நிர்மலாதேவியின் தலைக்குள் இது ஒன்றுதான் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சுகுணா. கொழுந்தன் குருவின் மனைவி. ஒரே கூரைக்கு அடியில் இருந்துகொண்டு, பண்டிகை நாளில்கூட ஒருத்தி கையால் ஒருத்தி காபி வாங்கிக் குடிக்காத ஓரகத்திகள், இன்றைக்கு ஒரே சீட்டில் தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள்.

முன் சீட்டில் நிர்மலாவின் புருஷன் மாது. பின்னால் என்ன பேசினாலும் காதில் விழாதவர் மாதிரி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, மறந்துட மாட்டீங்களே?" என்றாள் சுகுணா மெதுவாக. "நீங்க சொன்னாதான் எடுபடும். நான் சொன்னா, வூட்டு ஆசையில சொல்றான்னு தள்ளிருவாங்க."

"சொல்லிருவேன். நீ வாயை மூடிக்கிட்டு வா."

"நான் எப்பவும் மூடிக்கிட்டுதான் இருக்கேன். அன்னைக்குத் தொறந்தது நீங்கதான்."

நிர்மலா டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

தொப்பூர் கணவாய் இறங்கி முடிகிற இடத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிற பாறைக்கொட்டாய்தான் அவர்கள் ஊர். புறம்போக்குதான். ஆனாலும் மாதுவின் அப்பா ரோட்டுக்கு ஜல்லி உடைக்க வந்த காலத்திலிருந்து இருக்கிற வீடு. முன்பக்கம் மாதுவின் டிபன் கடை. மலை இறங்கி, பிரேக் தீய்ந்த வாடையோடு வந்து நிற்கிற லாரிக்காரர்கள்தான் வாடிக்கை. அரியானா டிரைவர்களுக்காகச் சப்பாத்தி போடக் கற்றுக்கொண்டார் மாது. அவர்களைத் திட்டுகிற அளவுக்கு இந்தியும் கற்றுக்கொண்டார். தம்பி குருவுக்குக் கிரேன் வண்டியில் வேலை. கணவாயில் லாரி கவிழ்ந்தால் முதல் போன் அவனுக்குத்தான் வரும்.

அந்த இடத்தில்தான் இப்போது கன்டெய்னர் குடோன் வருகிறது. வெளிநாட்டுக் கம்பெனி. எந்த நாடு என்று ஊரில் ஒருத்தருக்கும் நிச்சயமில்லை. ஒரு வாரம் கொரியாக்காரன் என்றார்கள், மறு வாரம் டென்மார்க்காரன் என்றார்கள். யாராக இருந்தாலும் காலி பண்ணச் சொல்ல அவன் வரவில்லை. நம் ஆட்கள்தான் வந்தார்கள். வீட்டுக்கு வீடு கொடுத்துவிடுகிறோம், பொம்மிடி ரோட்டில் மாடி வீடாகவே கட்டியிருக்கிறோம் என்றார்கள்.

வீட்டுக்கு வீடு என்றால், எதை ஒரு வீடு என்று எண்ணுவது? அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. தனி அடுப்பு எரிந்தால் தனிக் குடும்பம். ரேஷன் கார்டு பிரிக்கும்போது வந்து பார்ப்பார்களே, அதேதான். கணக்கெடுக்க வருகிறவர் உள்ளே வந்து அடுப்பைப் பார்த்துவிட்டு எழுதிக்கொள்வார்.

ஊரே உஷாராகிவிட்டது. ஒண்டிக்கட்டையான முனியப்பன்கூட, கட்டிக்கொடுத்த மகளை வரவழைத்து, ஆட்டுக் கொட்டாயில் மூன்று கல்லைக் கூட்டிப் புகை போட்டுக் காட்டினார். அவருக்கு இரண்டு வீடு எழுதியாகிவிட்டது.

நிஜமாகவே இரண்டு அடுப்பு எரிந்த வீடு மாதுவுடையது. கருவாட்டுக் குழம்பில் ஆரம்பித்த சண்டை. சுகுணாவின் அம்மா விருந்தாளியாக வந்த அன்றைக்கு நிர்மலா பழைய குழம்பைச் சூடு பண்ணி ஊற்றிவிட்டாள் என்பது சுகுணா கட்சி. கருவாட்டுக் குழம்பு மறுநாள்தான் ருசி என்பது நிர்மலா கட்சி. வழக்கு தீரவேயில்லை. சுகுணா பின்கட்டில் தனி கேஸ் அடுப்பு பற்றவைத்தாள். ரேஷன் கார்டையும் பிரித்துவிடலாம் என்று அவள் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். அண்ணன் மனசு நோகும் என்று குரு தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான்.

கணக்கெடுக்கிறவர் வந்த அன்றைக்குப் பார்த்து, நிர்மலாவின் மகளைப் பெண் பார்க்க மொரப்பூரிலிருந்து வந்திருந்தார்கள். தீர்த்தமலைக்கு வேண்டிக்கொண்டு பிறந்ததால் மகளுக்குத் தீர்த்தம்மாள் என்று பெயர், வீட்டில் தீத்து. பையனுக்கு ஓசூரில் வேலை. அவர்கள் கூட்டுக் குடும்பமாக இருக்கிற இடத்தில்தான் பெண் எடுப்பார்கள் என்று தரகர் அடித்துச் சொல்லியிருந்தார். நிர்மலா முதல்நாளே சுகுணாவின் பின்கட்டுக்குப் போய் நின்றாள். எத்தனை வருஷத்துக்கு அப்புறம். சுகுணாவும் முறுக்கிக்கொள்ளவில்லை. சண்டை நமக்குள்ள, புள்ளைக்கு நல்லது நடக்கட்டும் என்று சொல்லி, தன் அடுப்பைத் தூக்கிக் கொல்லையில் வைத்துக் கோணியைப் போட்டு மூடினாள்.

பஜ்ஜித் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போது கணக்கெடுக்கிறவர் வாசலில் வந்து நின்று, எத்தனை அடுப்பு என்று கேட்டார். மொரப்பூர்க்காரர்கள் அத்தனை பேரும் நிர்மலாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க வூட்ல என்னைக்கும் ஒரே அடுப்புதாங்க."

பெருமையாகவே சொன்னாள்.

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, வைகாசியில். அந்தப் பெருமைக்கு ஒரு வீடு போய்விட்டது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

நாளைக்குப் பாறைக்கொட்டாயை இடிக்க வண்டி வருகிறது. தொப்பூரில் குரு வாடகைக்குத் தேடாத தெரு இல்லை. குடோன் கட்ட வந்த இன்ஜினியர்களும் சூப்பர்வைசர்களும் இருந்த வீட்டையெல்லாம் மொத்தமாகப் பிடித்துவிட்டார்கள். மாட்டுக்கு நிழலாகப் போட்ட ஷெட்டுக்குக்கூட இப்போது டைல்ஸ் ஒட்டி ஆள் வைக்கிறார்கள். சொல்கிற வாடகை கிரேன் சம்பளத்துக்கு எட்டாது. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு குருவும் சுகுணாவும் எங்கே போவார்கள்?

ஒரே ஒரு வழிதான் மிச்சம். பதிவில் தப்பு இருந்தால் சாவி வாங்கும்போது அதிகாரியிடம் நேரில் சொல்லலாம் என்று அறிவித்திருந்தார்கள். அன்றைக்குச் சொன்னது பொய், எங்களுக்குத் தனித்தனி அடுப்பு என்று நிர்மலா வாய்விட்டுச் சொன்னால் போதும். ஊரே சாட்சி இருக்கிறது. அதற்குத்தான் இந்த பஸ்.

குருவுக்கு அண்ணி மேல் அவ்வளவு நம்பிக்கை. காலையிலேயே கிரேன் முதலாளியின் லாரியை வாங்கி வந்து, இரண்டு குடும்பத்துச் சாமானையும் ஏற்ற ஆரம்பித்துவிட்டான். நீங்க முன்னால போய் சாவியை வாங்குங்க, நான் ஏத்திக்கிட்டு வந்து சேர்றேன் என்றான்.

*

மாடி வீடுகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே மஞ்சள் பெயின்ட். சுற்றிலும் மரமோ கடையோ இல்லை. பங்குனி வெயில் சிமென்ட் தரையில் பட்டு முகத்தில் அடித்தது. சாமியானாவுக்குக் கீழே மேஜை போட்டு அதிகாரி அம்மா உட்கார்ந்திருந்தார். நடுத்தர வயது, கண்ணாடி, பக்கத்தில் தண்ணீர் பாட்டில். கடுமையானவராகத் தெரியவில்லை.

நிர்மலாவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இந்த அம்மாவிடம் சொல்லிவிடலாம். தீத்து கல்யாணமோ முடிவாகிவிட்டது, மொரப்பூர் எங்கேயோ இருக்கிறது, இங்கே நடப்பது அங்கே யாருக்குத் தெரியப் போகிறது.

முனியப்பன் இரண்டு சாவியை வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்றை உள்ளூர்க்காரர் ஒருவருக்கு வாடகைக்குப் பேசி முடித்தாகிவிட்டது என்று மாதுவின் காதில் ரகசியமாகச் சொல்லிவிட்டு, சுகுணாவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு நழுவினார்.

"அடுத்தது, பாறைக்கொட்டாய் மாது," என்று கூப்பிட்டார்கள்.

மூன்று பேரும் எழுந்தார்கள். மேஜைக்கு முன்னால் போய் நின்றபோதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"அட, சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கோம்."

ஆண்டியப்பன். மாப்பிள்ளையின் அப்பா. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பக்கத்தில் அவர் மனைவி சென்னம்மாள். புது வூட்டுச் சாவி வாங்கறீங்கன்னு தரகர் சொன்னாரு, சும்மா இருக்க மனசு வரலை, மொரப்பூர்ல ரயில் ஏறி பொம்மிடியில இறங்கி ஆட்டோ புடிச்சு வந்துட்டோம் என்று மூச்சு விடாமல் சொன்னார். சொல்லிவிட்டு, கூப்பிடாமலேயே மேஜையருகில் வந்து நின்றுகொண்டார்.

அதிகாரி அம்மா நிமிர்ந்து பார்த்தார். ஒரே குடும்பம், ஒரே வீடு என்று பதிவாகியிருக்கிறது, ஏதாவது ஆட்சேபணை இருந்தால் இப்போதே சொல்லிவிட வேண்டும், கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கிவிட்டால் பிறகு தன் கையில் ஒன்றும் இல்லை என்று நிதானமாகவே விளக்கினார்.

மாது பெண்டாட்டியைப் பார்த்தார். சுகுணாவும் பார்த்தாள்.

நிர்மலா வாயைத் திறந்தாள்.

ஆண்டியப்பன் அதற்குள் அதிகாரியிடம் பேச ஆரம்பித்துவிட்டார். "ஆட்சேபணையா? இவங்க வூட்லயா? அண்ணன் தம்பி ரெண்டு குடும்பமும் ஒரே உலையில பொங்கிச் சாப்பிடறவங்க மேடம். இந்தக் காலத்துல பாக்க முடியுமா? அதுக்காகத்தானே எம்பையனுக்கு இங்க பொண்ணெடுக்கறோம்."

அதிகாரி அம்மா சிரித்தார். "நல்ல விஷயம்தான். சொல்லுங்கம்மா, ஆட்சேபணை இருக்கா?"

சொல்ல வேண்டியதை நிர்மலா பஸ்ஸிலேயே மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். தனித்தனி அடுப்புங்க. இரண்டே சொல். வெளியே வரவில்லை. தீத்துவின் முகம் தெரிந்தது. பத்திரிகை அடிக்கக் கொடுத்தாகிவிட்டது. பொய் சொன்ன குடும்பம் என்று இவர் இதே இடத்தில் வாழைப்பழத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டால்?

சுகுணா சொல்லட்டும் என்று அவள் நினைத்தாள். அவளே சொல்லிவிட்டால் நல்லது. அவளுக்குத்தானே வீடு வேண்டும். ஓரகத்தி ஆசையில் வம்பு பண்ணுகிறாள் என்று சம்பந்தியிடம் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம். அப்படி நினைத்தது ஒரு கணம்தான். ஆனால் நினைத்தாள்.

அதிகாரி அம்மாவே சுகுணா பக்கம் திரும்பினார். நீங்க யாரும்மா, தனிக் குடும்பமா என்று கேட்டார்.

சுகுணா நிர்மலாவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தது மாதிரி இருந்தது. பிறகு ஆண்டியப்பனை, சென்னம்மாளை.

"இல்லைங்க," என்றாள். "ஒரே வூடுதான்."

காட்டிய இடத்தில் மாது கையெழுத்துப் போட்டார். வந்திருக்கிற பெரியவர்கள் எல்லாரும் போட வேண்டும் என்றார்கள். நிர்மலா போட்டாள். சுகுணா பேனாவை வாங்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதிவிட்டு, படிக்கட்டுப் பக்கம் நடந்து போனாள்.

"பாத்தியா சென்னா," என்றார் ஆண்டியப்பன். "இதுக்குப் பேருதான் குடும்பம்."

*

வீடு மூன்றாவது மாடியில்.

ஒரு கூடம், ஓர் அறை, ஆள் திரும்ப இடமில்லாத சமையலறை. மாது ஜன்னலைத் திறந்து பார்த்தார். எதிரே மலை. கீழே காய்ந்த காடு. கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"ஒரு லாரி சத்தம்கூடக் கேக்கலை, நிர்மலா," என்றார். "இங்க யாருக்கு நான் இட்லி ஊத்தறது?"

அவருடைய வாழ்நாளில் ஹாரன் சத்தம் இல்லாத பகல் இது முதலாவதாக இருக்கும். நிம்மதியாக இருக்கும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவர் முகத்தில் நிம்மதி இல்லை. ஆண்டியப்பன் அவரைத் தட்டிக்கொடுத்து, மொட்டை மாடியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இழுத்துக்கொண்டு போனார்.

பெண்கள் இரண்டு பேர் மட்டும் சமையலறையில் நின்றார்கள். சென்னம்மாள் வந்ததிலிருந்து அதிகம் பேசவில்லை. இப்போது கதவை லேசாகச் சாத்தினாள்.

"சம்மந்திம்மா, ஒண்ணு சொல்றேன். தப்பா எடுத்துக்கக் கூடாது."

கண்டுபிடித்துவிட்டாளா?

"கல்யாணத்துக்கு அப்பறம் எப்படியும் தெரிஞ்சுதான் போவும். உங்க பொண்ணு வந்து பாத்துட்டு, ஏமாத்திட்டாங்கன்னு நினைக்கக் கூடாது பாருங்க. அதுக்கு முன்னால நானே சொல்லிரணும்னுதான் இவரு கூடக் கெளம்பி வந்தேன்."

நிர்மலா சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க வூட்ல மூணு அடுப்பு," என்றாள் சென்னம்மாள். "கொழுந்தனுங்க ரெண்டு பேரும் எப்பவோ தனியா போயிட்டாங்க. பொண்ணு வூட்டுக்காரங்க கூட்டுக் குடும்பமாத்தான் பாக்கறாங்க, அப்படிக் காட்டிக்கிட்டாதான் ஆவும்னு தரகர் சொன்னாரு. நீங்க வூடு பாக்க வந்த அன்னைக்கு ரெண்டு அடுப்பையும் தூக்கி மாட்டுக் கொட்டாயில வச்சோம்."

நிர்மலா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்க வூட்டுக்காரர் கீழ அவ்வளவு பேசினாரே?"

"அவரு அப்படித்தான். எங்ககிட்ட இல்லாததை அடுத்தவங்ககிட்ட பாத்தா வாய் நிக்காது. உங்க முன்னால நிக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு சம்மந்திம்மா. இந்தக் காலத்துல எந்த வூட்ல ஒரே அடுப்பு எரியுது? நீங்க இருக்கீங்க, நிஜமா."

இரண்டு பக்கமும் ஒரே தரகர். இரண்டு பக்கமும் ஒரே பொய். இந்தப் பெண் பொய்யை ஒப்புக்கொள்ள ரயிலேறி வந்திருக்கிறாள். இன்னும் கொஞ்சம் முன்னால் சொல்லியிருந்தால்? இல்லை, அப்படி நினைப்பதும் தப்பு. இவளால் எனக்கு முன்னால் வாயைத் திறக்க முடிந்தது. எனக்கு முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

நிர்மலா கதவைத் திறந்துகொண்டு படியில் இறங்கினாள். இறங்கினாள் என்பதைவிட ஓடினாள் என்பதுதான் சரி. பின்னால் சென்னம்மாள், கோவிச்சுக்கிட்டீங்களா, கோவிச்சுக்கிட்டீங்களா என்று கேட்டுக்கொண்டே வந்தது காதில் விழுந்தது.

கீழே அதிகாரி அம்மாவின் ஜீப்பைக் காணோம். சாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேஜையை மடக்கிக்கொண்டிருந்த ஊழியர், மேடம் போயிட்டாங்களே என்றார். நிர்மலா மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, அவரும் வருத்தமாகத்தான் பேசினார். "மூணு பேரும் கையெழுத்துப் போட்டுட்டீங்களேம்மா. கலெக்டர் ஆபீஸ்ல வேணா மனு குடுத்துப் பாருங்க. குடுக்கறதைக் குடுத்து வைங்க. ஆனா இந்த பிளாக்ல காலி வூடு இல்லை."

படிக்கட்டின் கடைசிப் படியில் சுகுணா உட்கார்ந்திருந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள்.

நிர்மலா பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் மேலே கேட்டதையே சொன்னாள்.

"மொரப்பூர்க்காரங்க வூட்ல மூணு அடுப்பாம்டி."

சுகுணாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரித்தாள். சத்தமில்லாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். எப்போது அது அழுகையாக மாறியது என்று நிர்மலாவுக்குத் தெரியவில்லை.

"நீ ஏன்டி அப்படிச் சொன்னே? நீ சொல்லியிருக்கலாமே. உன் வூடுதானே போச்சு."

"நீங்க சொல்லுவீங்கன்னு கடைசி வரைக்கும் பாத்தேன்க்கா." சுகுணா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அப்புறம் தீத்து ஞாபகம் வந்துருச்சு. நம்ம சண்டையில அவ என்ன பண்ணா? உங்களுக்குத் தெரியாம எங்கிட்ட வந்து எத்தனை நாள் சாப்பிட்டிருக்கா தெரியுமா?"

நிர்மலாவுக்குத் தெரியாது. ஒரே கூரைக்கு அடியில் இருந்தும் தெரியாது.

மாடி வீட்டை எடுத்துக்கோ, நாங்க எங்கயாவது போறோம் என்று சொன்னாள். சுகுணா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கல்யாணத்தை வைத்துக்கொண்டு பெண்ணைப் பெற்றவர்கள் தெருவில் நின்றால் நன்றாக இருக்குமா என்று கேட்டாள். நாங்களும் நீங்களும் இதிலேயே இருந்துவிடலாம் என்று நிர்மலா சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதே அந்த ஒற்றை அறையும் நான்கு பெரியவர்களும் மூன்று பெண் பிள்ளைகளும் கண்முன் வந்தார்கள். நாளைக்கு மாப்பிள்ளையும் வருவார். வார்த்தை பாதியிலேயே நின்றுவிட்டது.

அப்போதுதான் லாரிச் சத்தம் கேட்டது.

மேலே மாதுவும் கேட்டிருக்க வேண்டும்; மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். மண் ரோட்டில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு குருவின் லாரி திரும்பியது. கட்டில், பீரோ, தண்ணீர் டிரம், டிபன் கடை பெஞ்சு எல்லாம் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. முன்னால் குருவின் பக்கத்தில் சுகுணாவின் இரண்டு பெண்களும் நெருக்கி உட்கார்ந்து, மஞ்சள் கட்டடங்களை விரல் நீட்டிக் காட்டிக்கொண்டு வந்தார்கள்.

குரு வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்துகொண்டு குதித்தான். சட்டையெல்லாம் வியர்வை. முகம் முழுக்கச் சிரிப்பு. பாறைக்கொட்டாயில் ஓடுகளைக்கூட விடாமல் பிரித்து எடுத்துவிட்டதாகவும், இனி அங்கே திரும்பிப் போக வேலையே இல்லை என்றும் சொன்னான். பின்கதவுக் கொக்கியைத் தட்டிக் கழற்றிக்கொண்டே திரும்பினான்.

"எங்க சாமானைத்தான் மேல அடுக்கியிருக்கேன், அதைத்தான் முதல்ல இறக்கணும். எங்களுக்கு எந்த வூடுங்க, அண்ணி?"

நிர்மலா சுகுணாவைப் பார்த்தாள்.

சுகுணா எழுந்து, பிள்ளைகளை இறக்கிவிட லாரியின் மறுபக்கம் போனாள். இந்தத் தடவை நிர்மலாவுக்காக அவள் பதில் சொல்லவில்லை.